நாற்பதாவது அசைவு

கோமதிநாயகத்தின் வலது தோள் அம்மனுக்காகக் கிழிந்தது என்று வேலங்குளம் முழுவதும் பேச்சு. பேச்சென்ன, மைக் வைத்தே சொன்னார்கள். பங்குனிக் கொடையில் முப்பிடாதி அம்மன் சப்பரம் தெருவுக்கு வந்தபோது, வலது முன்கொம்பில் நின்றிருந்த கோமதிநாயகம் ‘அம்மா’ என்று ஒரு சத்தம் போட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சப்பரக் கமிட்டித் தலைவர் வெள்ளைச்சாமி அண்ணாச்சி உடனே மைக்கை வாங்கி, “அம்மனைத் தாங்கித் தாங்கித் தேஞ்ச தோள் இது, பக்தகோடிகளே” என்றார். பரிவட்டம் கட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கித் தன் உரக்கடையில் மாட்டினார் கோமதிநாயகம். யூரியா மூட்டைக்கும் பொட்டாஷ் மூட்டைக்கும் நடுவே பரிவட்டத்தோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தோள் உண்மையில் எப்படிக் கிழிந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தோளுக்குச் சொந்தக்காரர். இன்னொருத்தி அவர் பெண்டாட்டி உலகம்மாள்.

சப்பரம் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம். உலகம்மாள் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டு வேட்டியை இஸ்திரி போட்டு வைக்கவில்லை என்று கோமதிநாயகத்துக்குக் கோபம். தையல் மேசையில் கிடந்த மூன்றடித் தேக்குக் கோலை எடுத்து ஓங்கினார். புதிது ஒன்றுமில்லை, பதினாலு வருஷமாக ஓங்குகிறதுதான். உலகம்மாள் அதுவரை ஒரு தடவைகூட விலகினதில்லை. விலகினால் இரண்டாக விழும் என்பது அவள் அனுபவம். ஆனால் அன்றைக்கு ஊசிக்கு அடியில் இருந்தது அடுத்த தெருக் கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட். அதில் ரத்தம் கித்தம் பட்டுவிடக் கூடாதே என்று துணியோடு சேர்த்துத் தன்னையும் ஓரமாக இழுத்துக்கொண்டாள். பாருங்கள் கண்ணுகளா, தன் உடம்புக்காக நகராதவள் ஊரான் துணிக்காக நகர்ந்தாள். அந்தப் புத்தியையும் சேர்த்தே நொந்துகொள்ள வேண்டியதுதான்.

கோல் காற்றில் இறங்கியது. அடிக்கிற கைக்கு அடிபட ஒரு இடம் வேண்டும். அது இல்லாமல் போகவே, தோளுக்குள் ‘டர்’ என்று ஒரு சத்தம். பழைய துணியைக் கிழிக்கிற சத்தம்தான், உலகம்மாளுக்கு அது நன்றாகத் தெரியும்.

மறுநாள் அவர் சப்பரக் கொம்பைத் தொட்டார், உட்கார்ந்தார், பரிவட்டம் வாங்கினார்.

இதெல்லாம் இன்னும் கொஞ்ச காலம் கழித்து நடக்கப்போகிற கதை. நடக்கப்போகிறதை நடந்ததாகச் சொன்னால்தான் கதை நிற்கும் என்பதால் அப்படியே சொல்லிக்கொண்டு போகலாம்.

எட்டு மாசம் அந்தக் கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. எட்டு மாசமும் உலகம்மாள் முதுகு பாயில் படத் தூங்கினாள். வாயால் வைகிறது நிற்கவில்லை. அது கிடக்கட்டும், வாய்க்குத் தழும்பு போடத் தெரியாது. இடது கையை ஏன் ஓங்கவில்லை என்று கேட்பீர்கள். கோமதிநாயகம் ஆசாரமான ஆள். பீச்சாங்கையால் நல்ல காரியம் எதையும் செய்ய மாட்டார்.

அடுத்த பங்குனி நெருங்கியது. வலது முன்கொம்பைக் கீழத்தெருக்காரன் ஒருத்தனுக்குக் கொடுக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. அன்றைக்குத்தான் கோமதிநாயகம் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். அதுவரை ஊசி என்றாலே அவருக்கு வேர்க்கும்.

மாவட்டத் தலைநகரில் தோளுக்கென்றே புதிதாக ஓர் ஆஸ்பத்திரி வந்திருந்தது. டாக்டர் தோளைத் தொட்டுப் பார்த்தார், நாலு வார்த்தை பேசினார், போய்விட்டார். மிச்சத்தைச் சொன்னது ரெக்ஸலின் என்கிற பெண். நாகர்கோவில் பக்கத்துக்காரி, முப்பது வயதிருக்கும். அவள் வேலைக்கு அசைவுப் பதிவாளர் என்று பெயர்.

“தோள் எலும்பைக் கட்டுற பழைய நார் நைஞ்சு போச்சு சார்” என்றாள். “தைச்சா நூல் நிக்காது. உங்க உடம்புல இருந்தே செல்லை எடுத்து புது நார் வளர்த்து வைப்போம். ஆறு வாரம் கட்டு, ஆறு வாரம் பயிற்சி. கை பழையபடி தூக்கலாம்.”

பழையபடி என்ற சொல்லில் உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சப்பரம் தூக்கலாமா?” என்றார் கோமதிநாயகம்.

“தூக்கலாம். ஆனா ஒண்ணு. புது நாருக்கு ஒண்ணும் தெரியாது, பிறந்த பிள்ளை கணக்கா. அதுக்குள்ள ஒரு இழையை ஓட்டி, எந்தெந்த அசைவு வேணும்னு நாங்கதான் சொல்லிக் குடுப்போம். சொல்லிக் குடுத்ததை மட்டும் செய்யும். மொத்தம் நாப்பது அசைவுக்குத்தான் இடம்.”

“அம்புட்டுத்தானா? மனுசன் கைக்கு?”

“நாப்பது தாராளம் சார், யோசிச்சு எடுத்தா. உங்க பழைய நார்ல நீங்க செஞ்சதெல்லாம் தடமா பதிஞ்சிருக்கும், வண்டித் தடம் மாதிரி. அதிகமா, விசையா போன தடம் ஆழமா இருக்கும். அதை எங்க மிஷின் வாசிச்சிரும். நீங்களும் வீட்ல உக்காந்து ஒரு லிஸ்ட் எழுதிட்டு வாங்க. ரெண்டையும் ஒத்துப் பாத்து முடிவு பண்ணுவோம். ஒவ்வொரு அசைவையும் ‘இது என்னது, எனக்குச் சொந்தம்’னு நீங்க வாயால சொல்லணும். வெளி ஆள் ஒருத்தர் சாட்சி இருக்கணும். வீட்ல பாத்துக்கிற ஆள் கையெழுத்தும் வேணும்.”

“அவ போடுவா” என்றார் கோமதிநாயகம், உலகம்மாள் பக்கம் திரும்பாமலே.

தோளின் மேல் பானை மூடி மாதிரி ஒன்றைக் கவிழ்த்து அரைமணி நேரம் வைத்து எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

வீடு திரும்புகிற பஸ்ஸில் உலகம்மாள் அந்தக் கையெழுத்தைப் பற்றியே யோசித்தாள். போடாமல் இருந்தால்? மதினி பிச்சம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து போட்டுவிடுவாள். போட்டால்? பங்குனிக்குள் கை எழும்பிவிடும். சப்பரம் வருஷத்துக்கு ஒரு நாள். மீதி நாளெல்லாம் அந்தக் கைக்கு வீட்டில்தானே வேலை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் லிஸ்ட் எழுத உட்கார்ந்தார்கள். கோமதிநாயகத்தின் அக்கா பிச்சம்மாள் வந்தாள். சாட்சிக்கு வெள்ளைச்சாமி அண்ணாச்சி வெற்றிலைச் செல்லத்தோடு வந்தார். நோட்டும் பேனாவும் உலகம்மாள் கையில்.

“மொதல்ல சப்பரக் கொம்பு” என்றார் அண்ணாச்சி. “எழுதும்மா.”

“கொம்பைத் தூக்குறது ஒண்ணு, தோள் மாத்துறது ஒண்ணு, இறக்குறது ஒண்ணு” என்றார் கோமதிநாயகம். “மூணு போடு.”

“பரிவட்டம் கட்டும்போது கையைத் தூக்கிக் கும்பிடணும்லா” என்றாள் பிச்சம்மாள். “அது தலைக்கு மேல. சும்மா கும்பிடுறது நெஞ்சுக்கு நேர. அது ரெண்டாச்சு.”

“மாலை வாங்குறது. மாலை போடுறது.”

“பொன்னாடை போர்த்த தோளைக் காட்டுறது.”

“அது அசைவா அண்ணாச்சி?” என்றார் கோமதிநாயகம்.

“பின்னே? கொஞ்சம் சாய்ச்சுக் காட்டணும்வே. மரமா நின்னா மரியாதையா இருக்குமா?”

உலகம்மாள் எழுதினாள். கூட்டத்தில் கையை உயர்த்திப் பேசுவது. துண்டை உதறித் தோளில் போடுவது. மீசையை முறுக்குவது, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக. போட்டோவுக்கு நிற்கும்போது பக்கத்து ஆள் தோளில் கை போடுவது. பைக்கில் போகும்போது எதிரே வருகிறவனுக்குக் கை காட்டுவது. உரம் வாங்க வரும் சம்சாரிக்குக் காட்டுவது வேறு, அதிகாரிக்குக் காட்டுவது வேறு. சிதறு தேங்காய் உடைப்பது. கடையில் கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்து இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொள்வது. சாப்பிடுவதைக்கூட பதினெட்டாவதாகத்தான் நினைத்தார்கள், அதுவும் அண்ணாச்சிக்குப் பசி எடுத்ததால்.

உலகம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். “சட்டை மாட்டுறது எழுதட்டுமா?” என்றாள். “தலை சீவுறது? குளிக்கையில தண்ணி கோரி ஊத்துறது?”

“ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?” என்றார் கோமதிநாயகம். “அதெல்லாம் ஒரு வேலையா? அது தானா வரும்.”

“தானா வராதுன்னு அந்தப் பிள்ளை...”

“சொன்னதை எழுது.”

முப்பத்தொன்பது வந்தது. நாற்பதாவதற்கு யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எழுபது வருஷம் கையோடு வாழ்ந்த அண்ணாச்சிக்கும் தோன்றவில்லை. தன் கை ஒரு நாளில் என்ன செய்கிறது என்று ஆம்பிளைகள் பார்த்திருந்தால்தானே? சட்டை ஹேங்கரில் இருந்து முதுகுக்கு வந்துவிடுகிறது, எண்ணெய் கிண்ணத்திலிருந்து தலைக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

மறுவாரம் ஆஸ்பத்திரியில், மற்றவர்கள் வெளியே காப்பி குடிக்கப் போனபோது, ரெக்ஸலின் உலகம்மாளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

திரையில் ஒரு கை இருந்தது. தலையும் உடம்பும் இல்லாத, சாம்பல் நிறத்தில் ஒரு வலது கை. முகம் இல்லாவிட்டாலும் உலகம்மாளுக்கு அடையாளம் தெரிந்தது.

“ஆழமான தடத்துல முதல் பத்தை வரிசையா போட்டுப் பாத்தேன் அக்கா. சாப்பிடுறது, பைக்கு ஓட்டுறது எல்லாம் சரியா இருக்கு. அஞ்சாவதா ஒண்ணு வருது. அது உங்க லிஸ்ட்லயே இல்ல. ஆயிரத்து நூத்து அறுவத்தி நாலு தடவை செஞ்சிருக்காரு. இது என்ன வேலைன்னு எனக்குப் புரியல.”

அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். திரையில் அந்தக் கை காதுக்குப் பின்னால் போனது, மேலே எழுந்தது, விசையோடு கீழே இறங்கியது. மறுபடி எழுந்தது. சத்தமில்லாமல் அது இறங்கிக்கொண்டே இருந்தது. உலகம்மாளின் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கின.

“உள்ளங்கையில ஏதோ இருக்கு. நீளமா ஒரு கட்டை. நானூறு கிராமுக்குள்ள...”

“மூணடி” என்றாள் உலகம்மாள். “தேக்கு. என் தையல் கோல்.”

ரெக்ஸலின் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். படம் மேலே எழுந்த நிலையிலேயே நின்றது.

“அக்கா, முதல் பத்துத் தடத்துல எதையும் நாங்களா விடக் கூடாதுன்னு விதி இருக்கு. எழுதியே ஆகணும். நோயாளியே ‘இது என்னது இல்ல, வேண்டாம்’னு சாட்சி முன்னால சொன்னாத்தான் அழிக்கலாம்.” குரலைத் தாழ்த்தினாள். “நீங்க கையெழுத்துப் போட மாட்டேன்னு எழுதிக் குடுங்க. நான் டாக்டர்கிட்ட கொண்டு போறேன்.”

“நான் போடலைன்னா என் மதினி போடுவா.”

“அப்ப என்ன செய்ய?”

உலகம்மாள் திரையில் நின்ற கையை ஏற இறங்கப் பார்த்தாள். உடம்பு அளவெடுக்கிறவள் பார்க்கிற பார்வை அது. ஆளின் தோள் எவ்வளவு, மார் எவ்வளவு, தொப்பையை எவ்வளவு எக்கிக்கொண்டு நிற்கிறான் என்று டேப் போடாமலே அவளுக்குத் தெரியும்.

“நீ எழுதும்மா” என்றாள். “நாப்பதாவதா எழுது. எல்லார் முன்னாலயும் சத்தமா வாசி. இந்தப் படத்தையும் போடு.”

“அவர் ஆமான்னு சொல்லிட்டா?”

“சொன்னா, செஞ்சதைச் சொன்ன ஆம்பிளையாவது ஆவாரு. இவரு அதுக்கும் ஆள் இல்ல.”

பெரிய அறையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ரெக்ஸலின் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் திரையில் அந்தச் சாம்பல் கை அசைந்து காட்டியது.

“சப்பரக் கொம்பைத் தூக்குறது?”

“என்னது” என்றார் கோமதிநாயகம், மார்பை நிமிர்த்தி.

“பொன்னாடைக்குத் தோளைச் சாய்க்கிறது?”

“என்னது.”

“மீசை, வலது பக்கம்?”

“என்னது.”

அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஏலத்தில் எல்லாப் பொருளையும் தானே எடுக்கிற ஆள் மாதிரி கோமதிநாயகம் சொல்லிக்கொண்டே வந்தார். முப்பத்தொன்பது முடிந்தது.

“நாப்பதாவது. இது மிஷின் வாசிச்சது. கையில ஒரு கட்டையைப் பிடிச்சு, காதுக்குப் பின்னால கொண்டு போயி, வேகமா கீழ இறக்குறது. ஆயிரத்து நூத்து அறுவத்தி நாலு தடவை.”

திரையில் கை எழுந்தது. இறங்கியது. எழுந்தது.

அண்ணாச்சியின் வாயில் வெற்றிலை அரைபடுவது நின்றது.

“சிதறு தேங்காய்தான்” என்றாள் பிச்சம்மாள் அவசரமாக. “வருசா வருசம் நூத்தியெட்டு ஒடைப்பான் எந்தம்பி.”

“தேங்காய் பதினாறாவதுலயே வந்துட்டும்மா. தேங்காய் உடைக்கையில கடைசியில விரல் திறந்து விட்டுரும். இங்க பாருங்க, இதுல கடைசி வரைக்கும் விரல் இறுக்கமா இருக்கு. விடவே இல்ல.”

“அப்ப வெறகு வெட்டுறதா இருக்கும்” என்றாள் பிச்சம்மாள். தன் தம்பி விறகு வெட்டி யாரும் பார்த்ததில்லை என்பது அவளுக்கே ஞாபகம் வந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். பிறகு மெல்ல உலகம்மாளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். “என்னவே இது?” என்று கோமதிநாயகத்திடம் கேட்டார். கேட்ட குரலில் அறியாதவர் கேட்கிற கேள்வி இல்லை. அடுத்தடுத்த தெருவில் பதினாலு வருஷம் குடியிருந்தவருக்குக் காது இல்லாமலா இருக்கும்? ஆனால் காதில் விழுவது வேறு, சாட்சிக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வது வேறு.

கோமதிநாயகத்தின் நெற்றியில் வேர்த்தது. பரிவட்டம் கட்டின நெற்றி.

“இது என்னது இல்ல” என்றார். “மிஷினு வேற எவன் தோளையோ கலந்திருச்சு. நான் அப்படிப்பட்ட ஆளா? கேட்டுப் பாரும்மா ஊர்ல.”

“அப்ப அழிச்சிரட்டுமா சார்? அழிச்சா புது நாருக்கு இது தெரியாது.”

“அழி. என்னது இல்லாததை எனக்கு எதுக்கு வைக்க?”

“இங்க ஒரு கையெழுத்து.”

போட்டார். அண்ணாச்சி போட்டார். உலகம்மாள் கடைசியாகப் போட்டாள், தையலை முடித்து நூலை அறுக்கிற மாதிரி.

“ஒரு இடம் காலியா இருக்கு சார். மூணு மாசம் கழிச்சு வரும்போது ஒண்ணு சேத்துக்கலாம்” என்றாள் ரெக்ஸலின், பேப்பர்களை அடுக்கியபடி.

ஆபரேஷன் ஒரு காலையில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் கூத்து.

ஆறு வாரம் கை கழுத்தில் கட்டின துணித் தொட்டிலில் கிடந்தது. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொன்னார்கள். ‘ஐயோ, அம்மா’ என்று தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டு ஆட்டினார். சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்றச் சொன்னார்கள். நாலு விரற்கடை ஏறினதும் கண்ணில் தண்ணீர் விட்டார். வலி பொறுக்க மாட்டாத ஆள் அவர். மற்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று அதுவரை யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

பிறகு கோல் பயிற்சி. மூன்றடி நீளத்தில் ஒரு கோலை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை தள்ள, ஆபரேஷன் கை கூடவே எழும்ப வேண்டும். ஆஸ்பத்திரித் தாளில் படம் போட்டிருந்தது. உலகம்மாள் தையல் மேசையிலிருந்து தேக்குக் கோலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். கோமதிநாயகம் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“பிடிங்க” என்றாள். “நான் எண்ணுதேன்.”

பதினாலு வருஷம் மனதுக்குள் எண்ணினவள் இப்போது வாய்விட்டு எண்ணினாள். காலையில் இருபது, சாயங்காலம் இருபது. அவர் இரண்டு கையிலும் கோலை ஏந்தி, படையல் வைக்கிறவர் போல மேலே தூக்கி, கீழே இறக்கினார்.

மூன்றாம் மாசத்தில் கை எழும்பியது. கும்பிட்டது. மாலை வாங்கியது. மீசையை இரண்டு பக்கமும் முறுக்கியது. கமிட்டிக்காரர்கள் பார்க்க வந்தபோது, யாரும் கொண்டுவராத பொன்னாடைக்குத் தோளைச் சாய்த்துக்கூடக் காட்டினார். அவர்கள் போனதும் சட்டையைக் கழற்றப் பார்த்தார். கை பாதியில் நின்றது. முதுகுப் பக்கம் போக அதற்கு வழி தெரியவில்லை. தலை சீவச் சீப்பை எடுத்தார். கை மீசை வரைக்கும் வந்து, பழக்கதோஷத்தில் மீசையைத் திருகிவிட்டுக் கீழே இறங்கியது. குளிக்கத் தண்ணீர் கோரினார். செம்பு தோளுக்கு மேல் ஏறவில்லை. முதுகு அரித்தால் தூணில் போய் உராய்ந்தார், எருமை மாதிரி.

“ஏட்டி, தலை சீவி விடு.”

“தையல் இருக்கு. சித்த நேரம் ஆகும்” என்றாள் உலகம்மாள். முன்னெல்லாம் ஊசி பாதியில் நிற்க எழுந்து ஓடியவள்.

அந்தச் சித்த நேரம்தான் அவரைக் கிளப்பியது. “ஒனக்கு அவ்வளவு கொழுப்பா?” என்று மேசைக்கு வந்தார். கோலை எடுத்தார். வலது கையால்தான்.

உலகம்மாளின் உடம்பு முழுக்க இறுகியது. ஆஸ்பத்திரியில் போட்டது வெறும் கையெழுத்துத்தானே, ஒரு தாள்தானே, மிஷின் பொய் சொல்லியிருந்தால் என்ன ஆவது?

கோல் இடுப்பிலிருந்து மார்புக்கு வந்தது. அங்கேயே நின்றது. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை எழவில்லை. பூட்டின கேட்டின் முன்னால் நிற்கிற மாடு மாதிரி நின்றது. இன்னொரு தடவை முயன்றார். கைக்கு அவர் சொல்வது என்னவென்றே புரியவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒன்றை அது செய்தது. கோலைக் கீழே போட்டுவிட்டு, நெஞ்சுக்கு நேரே வந்து, பாதிக் கும்பிடாக நின்றது.

உலகம்மாள் குனிந்து கோலை எடுத்து மேசையில் வைத்தாள். சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து கடையில் தேங்காயை உடைத்து மூடியாகத்தான் வாங்கி வந்தாள். பதினாறாவது அசைவு ஒன்று இருக்கிறதல்லவா, எதற்கு வம்பு?

மறுபரிசோதனைக்குப் போகிற பஸ்ஸில் கோமதிநாயகம் ஒரே யோசனையாக இருந்தார். அவர் யோசனை எங்கே போகிறது என்று உலகம்மாளுக்குத் தெரிந்தது. காலியாக ஓர் இடம் இருக்கிறது. ஒரே ஓர் இடம். அவள் மடியில் இருந்த டிபன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அண்ணாச்சி வரவில்லை, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சாட்சிக்கு வரிசையில் காத்திருந்த ஒருவரை உட்கார வைத்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரராம், அவருக்கும் தோள்.

“என்ன சேக்கணும் சார்?” என்றாள் ரெக்ஸலின்.

“அது... மிஷின்ல இருந்துச்சே. நாப்பதாவது.”

“அது உங்களோடது இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

“இல்ல, சும்மா... கை பூரணமா இருக்கணும்லா.”

“சரி சார். அழிச்சது அழிச்சதுதான், இனிமே புதுசாத்தான் பதியணும். நல்ல கையால, இடது கையால, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. கேமரா எடுத்துக்கும். எதுக்காகச் செய்றதுன்னு வாயால சொல்லணும், அதையும் பதிவோம். அக்கா, நீங்க அங்கயே எதிர்ல உக்காருங்க.”

கோமதிநாயகம் எழுந்து நின்றார். இடது கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவருக்கு நேர் எதிரே, கைக்கு எட்டுகிற தூரத்தில், உலகம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் விலகவில்லை. பக்கத்தில் தபால்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். அது எங்கே இறங்கப் போகிறதோ அந்த இடத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

“எதுக்காகச் சார்?” என்றாள் ரெக்ஸலின். “சொல்லுங்க, பதியணும்.”

கை அங்கேயே நின்றது. பிறகு மெல்ல அந்தக் கை முன்னால் வந்து, நெற்றியிலிருந்து பின்னந்தலைக்குப் போனது.

“தலை சீவ” என்றார்.

“தலை சீவ” என்று எழுதினாள் ரெக்ஸலின்.

மனசு மாறிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள் கண்ணுகளா. முன்பின் தெரியாத ஒரு தபால்காரர் பார்க்கிறார் என்பதற்காக மாறின மனசு அது. உலகம்மாள் அந்த மனசின் அளவை என்றைக்கோ எடுத்துவிட்டாள். அவர் நல்லவராக வேண்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. ஊர்ப் பெருமை பிடித்த மனிதனாகவே இருந்தால் போதும்.

அவரை இழை பதிக்க உள்ளே கூட்டிப்போனார்கள். உலகம்மாள் தன் வலது தோளை நீவிக்கொண்டிருந்தாள். “வலியா அக்கா?” என்று ரெக்ஸலின் கேட்டாள். “தைச்சுத் தைச்சு” என்றாள். “சும்மா இருக்கிற மிஷின்தானே, வாங்க பாப்போம்” என்று அந்தப் பானை மூடியை எடுத்து அவள் தோளில் கவிழ்த்தாள் ரெக்ஸலின்.

அரைமணி கழித்துத் திரையில் ஒரு மெலிந்த கை வந்தது. துணி வெட்டியது, மாவாட்டியது, தலை வாரியது. ரெக்ஸலின் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

முழங்கை மடங்கி, உள்ளங்கை வெளியே பார்க்க, கை சட்டென்று முகத்துக்கு முன்னால் எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது.

“ரெண்டாயிரத்து அறுநூத்திச் சொச்சம்” என்றாள் ரெக்ஸலின் மெதுவாக. “அவரோடது ஆயிரத்து நூத்திச் சொச்சம்தானே அக்கா? இது ஏன் இவ்வளவு கூட?”

உலகம்மாள் யோசித்தாள். “சட்டை எடுக்கவும் கையைத் தூக்குவாருல்லா” என்றாள். “ஃபேன் சுவிட்ச் போடவும் தூக்குவாரு. எதுக்குத் தூக்குதாருன்னு இது கண்டுச்சா?”

ரெக்ஸலின் அந்த எண்ணைத் தாளில் குறித்தாள். உலகம்மாள் திரையைக் காட்டினாள்.

“இதை அழிக்கலாமா?”

“உங்க நார் நல்ல நார் அக்கா, கிழியல. நல்ல நார்ல நாங்க கை வைக்க முடியாது. ஆள் போகாத தடத்துல புல்லு முளைக்கும்லா, அப்படித்தான் போகணும். நாளாகும்.”

வீட்டுக்கு வந்ததும் கோமதிநாயகம் முதல் வேலையாகக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். சீப்பை எடுத்தார். வலது கை காதைத் தாண்டி மேலே எழுந்தது.

தையல் மேசையில் இருந்த உலகம்மாளின் கையும் எழுந்தது, முகத்துக்கு முன்னால்.

அவர் பார்க்கவில்லை, முடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகம்மாள் தன் கையைப் பார்த்தாள். காற்றில் தனியாக நின்ற அந்தக் கையைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

“ஏ மூதி” என்றாள் அதனிடம், சன்னமாக. “தலைதான சீவுதாரு.”

கையைப் பிடித்துக் கீழே இறக்கித் துணியின் மேல் வைத்தாள். தேக்குக் கோலை எடுத்து வைத்து, சாக்கட்டியால் நேராக ஒரு கோடு கிழித்தாள்.